ரேங்க் இருக்கட்டும், எந்த ஊர்ல குடியிருக்கப் போறீங்க?

எம்.எஸ். போறேன்னு கெளம்புற நம்ம பொட்டிதட்டுற ஜனங்க ஏன் ரேங்க் பட்டியலை ஜாதகம் மாதிரி வெச்சுக்கிட்டு அலையறாங்கன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது. ஊரைப் பத்திக் கேட்டா, "மொதல்ல அட்மிட் வரட்டும் மச்சி"ங்கிறான்.

போன மாசம் நானும் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். ஜி.ஆர்.ஈ. மார்க் கேட்டாங்க, சி.ஜி.பி.ஏ. கேட்டாங்க, அப்பாவுக்குச் சொந்த வீடு இருக்கான்னு கூட கேட்டாங்க. கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்கலை. நானா சொன்னதுக்கு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்."

அப்புறம் என்னத்தப் பாக்குறது? அமெரிக்காவுல நீங்க எஃப்-1ல படிச்சா தங்கமணிக்கு எஃப்-2. வேலைக்குப் போகக் கூடாது. ரெண்டு வருஷம்தானேன்னு ஆரம்பிப்பீங்க. படிப்பு முடிஞ்சு ஓ.பி.டி.யில மூணு வருஷம் வேலை பாத்தாலும் நீங்க எஃப்-1 தான், அவங்க எஃப்-2 தான். ஆக மொத்தம் அஞ்சு வருஷம். ஹெச்-1பி குலுக்கல்ல பேர் விழுந்தா ஹெச்-4 ஆகும். அதுலயும் பொதுவா உங்க ஐ-140 அப்ரூவ் ஆனாத்தான் அவங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியும்.

இங்கிலாந்துல 2024 ஜனவரியிலிருந்து சாதாரண மாஸ்டர்ஸ் படிக்கப் போறவங்க குடும்பத்தையே கூட்டிட்டுப் போக முடியாது. கனடாவுல 2025 ஜனவரியிலிருந்து மாஸ்டர்ஸ் படிப்பு 16 மாசமாவது இருந்தாத்தான் துணைக்கு வேலை அனுமதி. இது எதுவும் ரேங்க் பட்டியல்ல வராது.

என் நண்பன் ஒருத்தன் பட்டியல்ல மேல இருந்ததைப் பாத்துப் போனான். நல்ல பல்கலைக்கழகம்தான், குறை சொல்லலை. அவன் மனைவி இங்க ஆறு வருஷம் டெஸ்டிங்ல இருந்தவங்க. கார் இல்லாம கடைக்குக் கூட போக முடியாத ஊரு. பக்கத்து நூலகத்துல புதுசா வந்தவங்களுக்கு நடக்குற இலவச இங்கிலீஷ் வகுப்புல சேந்திருக்காங்க. அவங்களுக்கு என்னை விட நல்லா இங்கிலீஷ் வரும். "பேசறதுக்கு ஆள் வேணும்ல"ன்னாங்க. ஃபோனை வெச்சப்புறம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஜெர்மனியை எடுத்துக்கோங்க. அங்க துணைக்கு வேலை பாக்க அனுமதி உண்டு. பொதுவா ஏ1 ஜெர்மன் தேறணும், குடும்பத்துக்குப் போதுமான வருமானமும் இடமும் காட்டணும். ஆனா அங்கயும் ஊர்தான் பேசும். மாணவனுக்கு வருஷத்துக்கு 11,904 யூரோ முடக்கி வைக்கணும், மாசம் 992. மியூனிக்குக்கும் அதே 992, கெம்னிட்ஸுக்கும் அதே 992. மியூனிக் வாடகையைப் பாத்துட்டு வந்து பேசுங்க. போதாக்குறைக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024லேர்ந்து நம்மளை மாதிரி வெளியாளுங்ககிட்ட மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000லேர்ந்து 6,000 யூரோ வரைக்கும் கட்டணம் வாங்குது. "ஜெர்மனின்னா ஓசி"ன்னு இன்னும் ஜல்லியடிக்கிறவங்க கவனிக்க.

பி.ஹெச்.டி.ன்னா சரி, கைடு எங்கயோ அங்க போய்த்தான் ஆகணும். தனிக்கட்டைங்க எங்க வேணா போங்க, வாழ்க! :-) நான் சொல்றது என்னை மாதிரி ஆளுங்களுக்கு.

இப்ப எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. அதுல வெறும் ஊர்ப் பேருங்கதான், பக்கத்துல வாடகை. மூணை தங்கமணியே அடிச்சுட்டாங்க. சனிக்கிழமை ஜெர்மன் வகுப்புல என்னை விட நாலு பாடம் முன்னாடி போயிட்டாங்க. ரேங்க் பட்டியலை இன்னும் நாங்க திறக்கலை.