கணப்பு மரத்தில் ஒரு கிடார்

அரசி இரண்டாம் எலிசபெத் ஆட்சிக்கு வந்த பொன்விழாவையொட்டி, 2002 ஜூன் 3 அன்று லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஒரு இசை நிகழ்ச்சி நடந்தது. சுருட்டை முடிக்காரர் ஒருவர் அரண்மனையின் மொட்டைமாடியில் நின்றபடி எலெக்ட்ரிக் கிடாரில் தேசிய கீதம் வாசித்து அதைத் தொடங்கிவைத்தார். உலகின் எந்த உயர்ந்த கிடாரையும் வாங்கும் வசதி அவருக்கு இருந்தது. ஆனால் கையிலிருந்த வாத்தியம் எந்தக் கம்பெனியும் தயாரித்ததல்ல. கணப்பு அடுப்பின் மரச்சட்டம், பழைய மேஜைப் பலகை, மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங், முத்துச்சிப்பிப் பொத்தான், ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஆகியவற்றைச் சேர்த்து, ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் ஒரு அப்பாவும் பிள்ளையும் வீட்டு அறையில் செய்தது. பிள்ளை சொல்லும் கணக்குப்படி, ஆன செலவு சுமார் 8 பவுண்டு.

பிள்ளையின் பெயர் பிரையன் மே. ‘க்வீன்’ குழுவின் கிடார் கலைஞர். அப்பா ஹெரால்ட் மே, பிரிட்டிஷ் விமானத் துறை அமைச்சகத்தில் மின்னணுச் சாதனங்களுக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். லண்டனின் மேற்கே ஃபெல்தம் என்ற புறநகரில் சிறிய வீடு, அளவான சம்பளம், ஒரே மகன். வீட்டு ரேடியோவையும் டெலிவிஷனையும்கூட ஹெரால்ட் தம் கையாலேயே செய்திருந்தார். நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்ட மகனோடு சேர்ந்து ஒரு தொலைநோக்கியும் செய்தார். எனவே 16 வயதுப் பையனுக்கு எலெக்ட்ரிக் கிடார் மோகம் வந்தபோது, அது வாங்குகிற விஷயமா செய்கிற விஷயமா என்று அந்த வீட்டில் அதிக விவாதம் தேவைப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெண்டர், கிப்ஸன் கிடார்களின் விலை அந்தக் குடும்பத்துக்கு எட்டாதது. 1963 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

எலெக்ட்ரிக் கிடாரை வீட்டில் செய்ய முடியும் என்ற துணிச்சலுக்கு ஒரு காரணம் உண்டு. சாதாரண கிடாரில் ஒலியைப் பெருக்குவது அதன் வயிறு. மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டி அந்தக் கூட்டைச் செய்வது பரம்பரை வித்தை. எலெக்ட்ரிக் கிடாருக்கு அது அவசியமில்லை. தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடிபோன்ற தாமிரக் கம்பியும் இருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலையும்; சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட அதே தத்துவம். கிடார்காரர்கள் இதை பிக்-அப் என்பார்கள். மீதியை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால் 1940களின் தொடக்கத்திலேயே இதை நிரூபித்துவிட்டார். தூண்போன்ற நான்கு அங்குலக் கட்டை ஒன்றில் தந்தியும் பிக்-அப்பும் பொருத்தி வாசித்தார். கேட்டவர்களுக்கு அந்தக் கட்டையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு பழைய கிடாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தார். இப்போது அது கிடார் ஆகிவிட்டது. ஒலி அதேதான்.

அதற்காக இந்த வேலை எளிது என்று ஆகிவிடாது. உடல் எப்படியும் இருக்கலாம். கழுத்து இம்மியும் பிசகக் கூடாது. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அதை வளைக்கப் பார்க்கும். பச்சை மரம் சில மாதங்களில் வளைந்துவிடும். குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் கழற்றிப்போட்ட கணப்பின் மஹாகனிச் சட்டம் மே வீட்டுக்கு வந்தது இதனால்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் நெருப்பின் பக்கத்திலேயே இருந்து காய்ந்த மரம். பூச்சி அரித்த ஓட்டைகளும் இருந்தன. பையன் அவற்றைத் தீக்குச்சிகளால் அடைத்தான். பிறகு பேனாக்கத்தியும் உப்புத்தாளும் கொண்டு கழுத்தை மெல்ல மெல்லச் செதுக்கினான். கழுத்துக்குள்ளே வளைவைத் தாங்க ஒரு எஃகுத் தண்டு. கடைக் கிடார்களோடு ஒப்பிட்டால் அந்தக் கழுத்து இன்றும் மிகத் தடிமன். அந்தப் பிடிக்குப் பழகிய கைக்கு வேறு கழுத்து ஒத்துவருவதில்லை.

கழுத்தின் மேல் வரிசையாக உலோக மெட்டுகள். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி, காதால் கேட்டு நகர்த்தலாம். கிடாரில் அந்தச் சலுகை கிடையாது. மரத்தில் ரம்பத்தால் கோடு அறுத்து அடித்து இறக்கிவிட்டால் இறக்கியதுதான். எனவே கணக்கு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். தந்தியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டு எங்கே என்று தெரியும். மிஞ்சிய நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது மெட்டு. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதியில் விழும். அங்கே மேல் ஸட்ஜம். பிரையன் மேயின் கிடாரில் தந்தியின் நீளம் 24 அங்குலம். முதல் மெட்டு 34.2 மில்லிமீட்டரில் வரும். மெட்டுகள் மொத்தம் 24. தற்செயலாக, நம் வீணைக்கும் அதே எண்ணிக்கைதான்.

17.817 என்ற எண்ணுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1581இல் இத்தாலியின் வின்சென்ஸோ கலிலி என்ற லூட் வாத்தியக்காரர், மெட்டு வைக்க 18ஆல் வகுத்தால் போதும் என்று எழுதினார். தச்சர்களுக்கு வசதியான எண். ஆனால் 24 அங்குலத் தந்தியில் பன்னிரண்டாவது மெட்டுக்கு வருவதற்குள் 2 மில்லிமீட்டர் தவறிவிடும். அதே ஆண்டில் இந்த வாத்தியக்காரர் தம் மூத்த பிள்ளையை மருத்துவம் படிக்க பீஸா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். பிள்ளை நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்காமலே வெளியேறிக் கணிதம், வானியல் என்று போய்விட்டான். அவன்தான் கலிலியோ.

ஃபெல்தம் வீட்டில் கதை தலைகீழாக நடக்க இருந்தது.

கழுத்துக்கு அடுத்தது உடல். நடுவே பழைய மேஜையின் ஓக் கட்டை, சுற்றிலும் ஒட்டுப்பலகை, மேலே மெல்லிய மஹாகனி ஏடு. ஆம்ப்ளிஃபயரின் ஒலிக்குக் கிடாரும் சேர்ந்து அதிர்ந்து நீண்டு முழங்க வேண்டும் என்பதற்காக உள்ளே வேண்டுமென்றே காலி இடம் விட்டார்கள். மெட்டுப் பலகையில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகள் அம்மா ரூத்தின் தையல் பெட்டியிலிருந்து வந்த பொத்தான்கள்.

பொறியியல் முழுவதும் ட்ரெமோலோவில் இருந்தது. ஒரு கைப்பிடியை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருசேரத் தளர்ந்து சுருதி இறங்க வேண்டும். விட்டால் அதே சுருதிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாததுதான் அன்றைய கடைக் கிடார்கள் பலவற்றின் வியாதி. இதற்கு உராய்வே காரணம் என்று அப்பாவும் பிள்ளையும் கண்டார்கள். தராசு முள் கத்தி விளிம்பில் நிற்பதுபோல, தந்திகளைப் பிடிக்கும் தகட்டை ஒரு கத்தி விளிம்பில் நிறுத்தினார்கள். தந்திகளின் இழுப்புக்கு எதிர் இழுப்பாக 1928ஆம் ஆண்டு பேந்தர் மோட்டார் சைக்கிளின் இரண்டு வால்வ் ஸ்பிரிங்குகள். தந்திகள் தேயாமல் நகர, கையால் கடைந்த சின்னச் சின்ன உருளைகள். கைப்பிடி, சைக்கிள் சீட்டுக்குப் பின்னே பை மாட்டும் கம்பி. அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு.

எல்லாம் முதல் முயற்சியில் அமைந்துவிடவில்லை. பிக்-அப்பையும் பையன் தானே செய்தான். கடையில் வாங்கிய சிறு காந்தங்களின் மேல் தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினான். ஒலி நன்றாகவே வந்தது. ஆனால் வீணையில் கமகத்துக்கு இழுப்பதுபோலத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், அது ஒரு காந்தத்தைத் தாண்டி அடுத்ததை நெருங்கும்போது விநோதமான இரைச்சல் கேட்டது. இழுத்து வாசிக்க முடியாத கிடாரால் ராக் இசைக்கு என்ன பயன்? கடைசியில் பர்ன்ஸ் கம்பெனியின் பிக்-அப்கள் மூன்றைக் கடையில் வாங்கிப் பொருத்தினார்கள். அவற்றையும் அப்படியே விட்டுவிடவில்லை. உள்ளே அரால்டைட் பசையை ஊற்றிச் சுருள் தனியாக அதிர்ந்து ஊளையிடாமல் இறுக்கினார்கள். மூன்றுக்கும் தனித்தனியாக இரண்டு சுவிட்ச் வைத்தார்கள்: ஒன்று நிறுத்தவும் போடவும், மற்றது மின்னோட்டத்தின் திசையை மாற்ற. ஒரே கிடாரிலிருந்து இத்தனை குரல் எப்படி வருகிறது என்று பின்னாளில் ரசிகர்கள் வியந்ததற்கு இந்த ஆறு சுவிட்சுகளும் ஒரு காரணம். மீட்டுவதற்கு மே பயன்படுத்துவதும் கடைச் சரக்கு அல்ல. பழைய ஆறு பென்ஸ் நாணயம்.

இதுவரை கேட்டால் இது எந்தப் பள்ளிக்கூட விழாவிலும் சொல்லத்தக்க கதை. பையன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினான். கோள்களுக்கு இடையே மிதக்கும் தூசியைப் பற்றிய ஆராய்ச்சியில் சேர்ந்தான். கிடார் மாலை நேரத்துக்கு. எந்தத் தகப்பனும் கனவு காணும் ஏற்பாடு.

1964இல் ஃபெல்தமிலேயே, மே குடும்பத்தின் வீட்டுக்கு மிக அருகே, சான்ஸிபாரிலிருந்து வந்த ஒரு பார்ஸி குடும்பம் குடியேறியது. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட புல்ஸாரா குடும்பம். மகன் ஃபரூக் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கேயே பள்ளித் தோழர்களோடு ஒரு இசைக் குழுவும் வைத்திருந்தான். இரண்டு பையன்களும் அப்போது ஒருவரையொருவர் அறியவில்லை. பின்னர் லண்டனில் சந்தித்தார்கள். 1970இல் ‘க்வீன்’ பிறந்தது. ஃபரூக், ஃபிரெடி மெர்க்குரி ஆனார். 1974 வாக்கில், ஆய்வேட்டை முடிக்காமல் பிரையன் மே முழுநேரக் கலைஞர் ஆனார்.

ஹெரால்டால் இதைத் தாங்க முடியவில்லை. மகனின் படிப்புக்காகப் பல ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியவர். அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுபோன காலமும் இருந்தது. மகன் எதை நம்பிக் கிளம்பினானோ அதைச் செய்துகொடுத்தவரே அவர்தான் என்பது இதில் உள்ள வேதனை. கோடு பிசகாமல் மெட்டு இறக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு, மகனின் வாழ்க்கை தாம் போட்ட கோட்டிலிருந்து விலகியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்தியப் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிருதங்க வகுப்புக்கும் கீ-போர்டு வகுப்புக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிற அதே அப்பா, பிளஸ் டூ தேர்வு நெருங்கியதும் வாத்தியத்தைப் பரணில் ஏற்றுகிறார். பிள்ளைக்குச் சிறகு முளைக்க வேண்டும். கூட்டை விட்டு மட்டும் பறந்துவிடக் கூடாது.

ஹெரால்ட் தம் வேலையில் கான்கார்ட் விமானத்தின் கருவிகளுக்காகவும் உழைத்தவர். அதில் பயணம் செய்வது அவர் சம்பளத்துக்கு நினைத்துப் பார்க்க முடியாதது. சில ஆண்டுகள் கழித்து மகன் அப்பாவையும் அம்மாவையும் அதே கான்கார்டில் நியூயார்க்குக்கு வரவழைத்தார். மேடிஸன் ஸ்கொயர் கார்டனில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, தம் வீட்டு அறையில் உருவான கிடாரை ஹெரால்ட் கேட்டார். இப்போது தமக்குப் புரிகிறது என்று அப்பா அன்று சொன்னதை மகன் பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹெரால்ட் மே 1988இல் காலமானார். பாதியில் விட்ட ஆய்வேட்டை மகன் அவருக்குக் காட்ட முடியவில்லை. அறுபதாவது வயதில் மீண்டும் அதே கல்லூரிக்குப் போய் 2007இல்தான் டாக்டர் பட்டம் பெற்றார்.

இன்று முதல் கிடார் செய்ய விரும்பும் இளைஞருக்குக் கணப்பு மரம் தேட வேண்டிய கஷ்டம் இல்லை. அறுத்த உடல், மெட்டு இறக்கிய கழுத்து, சுற்றிய பிக்-அப் எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன, முடுக்கினால் முடிந்தது. வசதிதான். பொறுமை உள்ளவர்கள் உடலை மட்டுமாவது தாங்களே அறுத்துப் பார்க்கலாம். முதல் கிடாரில் எங்காவது ஒரு மெட்டு சற்று உயர்ந்து தந்தி கரகரக்கும். அதை அரம் வைத்துத் தேய்த்துச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.

பக்கத்தில் பிடித்துக்கொள்ள அப்பா இருந்தால் வேலை இன்னும் சுலபம். மரத்தைப் பிடித்த கையை எப்போது விட வேண்டும் என்பதுதான் அவர் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்.