நோன்பு மாதத்தில் ஓர் அரை மணி நேரம்

மார்ச் மாதம் வங்கி ஊழியர்களுக்கு எத்தகையது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிதியாண்டின் கணக்கு முடியும் அந்நாள்களில் கிளைக்குள் நுழைந்தவர்கள், மேசைகளின் மேல் குவிந்த கோப்புகளையும் அவற்றின் பின்னால் தெரிந்த முகங்களையும் கண்டிருப்பீர்கள். சந்திர மாதங்கள் ஆண்டுதோறும் பத்து அல்லது பதினொரு நாள் முன்னதாக வருவதால், அண்மை ஆண்டுகளில் ரமலான் நோன்பும் அதே மார்ச்சில் வந்து சேர்ந்தது. 2024-இல் மார்ச் 12 அன்று நோன்பு தொடங்கியது. மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும், அரசுக் கணக்குகளைக் கையாளும் வங்கிக் கிளைகள் அன்று திறந்திருந்தன. 2025-இலோ நோன்புப் பெருநாளும் நிதியாண்டின் இறுதி நாளும் ஒரே தேதியில் அமைந்தன.

அவ்வாண்டுகளில் நான் ஹைதராபாத்தில் பணியில் இருந்தேன். நோன்பு, வணக்கம், அலுவல் ஆகிய மூன்றுக்கும் நடுவே உடற்பயிற்சிக்கு எங்கே இடம் என்ற கேள்வியை ஒவ்வொரு ரமலானிலும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பல ஆண்டுகளாகத் தவறாமல் நடைப்பயிற்சி செய்பவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரே 2024-இல் என்னைத் தவறான வழியில் செலுத்தியது.

நோன்பு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நடந்தால் கொழுப்பு விரைவில் கரையும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, மாலை ஐந்தரை மணிக்குப் பூங்காவில் விரைவு நடை தொடங்கினேன். ஹைதராபாத்தின் மார்ச் வெயில் அந்நேரத்திலும் தணிவதில்லை. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் மூன்றாவது சுற்றில் கைகள் நடுங்கின, உடல் முழுவதும் குளிர்ந்த வியர்வை, வாயிலருகே உட்கார்ந்துவிட்டேன். எதிரே இருந்த மருந்துக் கடைக்காரர் விரலில் குத்திப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 61 மில்லிகிராம். அவர் நீட்டிய பழச்சாற்றைக் குடித்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. சூரியன் மறைய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

பதினைந்து வயது முதல் நோற்றுவரும் நோன்பை அரை மணி நேரத்தில் இழந்தேனே என்ற வருத்தம் அன்று இரவு முழுவதும் இருந்தது. ஆனால் மார்க்கம் அதற்கு வழி வகுத்திருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை அளித்து, விடுபட்ட நாள்களைப் பின்னர் நோற்றுக்கொள்ளுமாறு குர்ஆனே கூறுகிறது. பெருநாளுக்குப் பின் ஒரு நாள் நோற்று அதை ஈடு செய்தேன். வருந்த வேண்டியது வேறொன்றுக்கு. நான் ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவன். காலையில் உட்கொள்ள வேண்டிய மாத்திரையை அப்படியே சஹர் உணவோடு விழுங்கிவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறேன். மருத்துவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. அவர்களில் நோன்பு நோற்பவர்கள் எத்தனை இலட்சம் பேர் என்று எண்ணிப் பாருங்கள். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாக உள்ளன. நோன்பு தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை முறித்துவிட வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. இருந்தும் பலர் அதற்கு அஞ்சிப் பகலில் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

கொழுப்பைப் பற்றிய அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. சஹரில் உண்ட உணவின் சர்க்கரை சில மணி நேரத்தில் செலவாகிவிடும். பின்னர் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நேரம் செல்லச் செல்ல உடல் கொழுப்பையும் எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் நாளின் முடிவில் உடல் எடையைத் தீர்மானிப்பது ஒரு மணி நேரத்தின் எரிபொருள் அன்று. நாள் முழுவதற்குமான வரவு செலவு. மாலையில் வியர்த்து இழந்ததை இஃப்தாரில் நான்கு சமோசாவும் இரண்டு குவளை ரோஸ் சர்பத்தும் வட்டியோடு திருப்பித் தந்துவிடும். உடல்நலம் உள்ளவர்கள் நோன்பு திறக்கும் முன் இருபது நிமிடம் மெல்ல நடப்பதில் தவறில்லை. களைப்புத் தெரிந்தால் சில நிமிடங்களில் தண்ணீர் கிடைத்துவிடும். பளு தூக்குவதும் ஓடுவதும் அந்நேரத்துக்கு உரியவை அல்ல. வறண்ட தொண்டையோடு உடற்பயிற்சிக் கூடத்தில் நின்று படம் எடுத்து வெளியிடும் இளைஞர்களைக் காணும்போது, இது யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2025 மார்ச்சில் துபாயில் நடந்த கிரிக்கெட் அரையிறுதிப் போட்டியின்போது, வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி எல்லைக் கோட்டருகே நின்று பானம் அருந்தும் காட்சி வெளியானது. நோன்பு மாதத்தில் அவர் பாவம் செய்துவிட்டார் என்று ஒரு மார்க்கத் தலைவர் கூறினார். பயணிக்குச் சலுகை உண்டு என்பதை வேறு அறிஞர்கள் நினைவூட்டினர். நான் இரண்டாவது தரப்பின் பக்கம். பழச்சாற்றுக் குவளையோடு பூங்கா வாயிலில் அமர்ந்திருந்த என்னைக் கடந்து சென்றவர்களில் சிலர் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. பிறருடைய நோன்பைத் தணிக்கை செய்யும் பொறுப்பு நம்மில் எவருக்கும் தரப்படவில்லை.

மருத்துவர் மாத்திரையைக் குறைத்து இஃப்தார் வேளைக்கு மாற்றினார். நடைப்பயிற்சியை நோன்பு திறந்த பின்பு வைத்துக்கொள்ளச் சொன்னார். அத்துடன் செய்தி முடிந்தது என்று எண்ணி, வீட்டில் என் புதிய கால அட்டவணையை அறிவித்தேன். ஆறரைக்கு இஃப்தார், பின்னர் மஃரிப் தொழுகை, ஏழு மணிக்கு அரை மணி நேர நடை, எட்டு மணிக்கு மேல் பள்ளிவாசலில் இஷாவும் தராவீஹும், பத்தரைக்கு உறக்கம். என் மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க நடக்கப் போயிடுவீங்க. நான் எப்போ நடக்கிறது?"

பதினொரு மாதங்கள் அதிகாலையில் என்னோடு நடப்பவர் அவர். ரமலான் பிறந்தால் நின்றுவிடுவார்; பெருநாளுக்குப் பின் முழங்கால் வலியோடு மீண்டும் தொடங்குவார். இருபது ஆண்டுகளாக இதை நான் கவனித்ததில்லை. அன்றிரவு அவருடைய நாளைத் தாளில் எழுதினோம். மூன்றே கால் மணிக்கு எழுந்து சஹர் சமைக்கிறார். ஐந்து மணி பத்து நிமிடம் அளவில் சஹர் நேரம் முடிந்து, தொழுது, பாத்திரம் கழுவி முடிக்க ஆறு மணி. பிற்பகல் மூன்றிலிருந்து இஃப்தாருக்கான சமையல்: நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, பழங்கள் நறுக்குதல், அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் தட்டுகள். அதன் பின் இரவு உணவு. உறங்கும்போது மணி பதினொன்றரை. எல்லாம் கூட்டினால் அடுக்களையில் ஏறத்தாழ ஆறரை மணி நேரம். இரவு உறக்கம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. குர்ஆன் ஓதுவதற்கே நேரம் தேடுபவரிடம் உடற்பயிற்சியைப் பற்றி எப்படிப் பேசுவது?

நோன்பையும் வணக்கத்தையும் உடற்பயிற்சியையும் சமன் செய்வது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் உடலையே மனத்தில் கொள்கின்றனர். எப்போது உண்பது, எவ்வளவு நீர் பருகுவது, எந்நேரம் நடப்பது என்பவை அவர்களின் கேள்விகள். இந்தச் சமன்பாடு உடலுக்குள் தீர்வதன்று, வீட்டுக்குள் தீர்வது என்பது என் கருத்து. ரமலானில் உடற்பயிற்சிக்குத் தடையாக நிற்பது பசியைக் காட்டிலும் உறக்கமின்மையே. அந்த உறக்கத்தை விழுங்குவது பெரும்பாலும் அடுக்களை. உணவைத் துறக்க வந்த மாதத்தில் மற்ற மாதங்களைவிட அதிகமாகச் சமைக்கிறோம். ஒருவர் நடப்பதற்கான அரை மணி நேரம் இன்னொருவர் உறக்கத்திலிருந்து கடனாகப் பெறப்படுகிறது. அந்தக் கடன் எந்தப் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை.

ஆகவே நாங்கள் முதலில் குறைத்தது சமையலை. 2025 ரமலானில் இஃப்தார் என்றால் பேரீச்சம்பழம், தண்ணீர், பழம், கஞ்சி. கஞ்சியே பெரும்பாலும் இரவு உணவு. எண்ணெயில் பொரித்தவை வெள்ளிக்கிழமை மட்டும். சஹருக்கு முதல்நாள் மாலையே செய்து வைத்தது எதுவோ அது. ஹலீமை வீட்டில் கிண்டும் பழக்கத்தையும் கைவிட்டோம். கோதுமையும் இறைச்சியும் நெய்யும் மணிக்கணக்கில் வெந்து கூழாகும் அந்த உணவுக்கு ஹைதராபாத் 2010-இலேயே புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது; அதை அந்நகரத்தாரே செய்யட்டும், வாரம் ஒருமுறை ஒரு கிண்ணம் வாங்கி நால்வர் பகிர்ந்தால் போதும். விருந்தினர் சிலர் முகம் சுளித்தனர் என்பது உண்மை. என் அக்கா, "இது என்னடா நோன்பு வீடா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டே விட்டார்.

ஆனால் நேரம் கிடைத்தது. தராவீஹ் முடிந்து, ஒன்பதே முக்காலுக்கு மேல் இருவரும் சேர்ந்து அரை மணி நேரம் நடந்தோம். ஹைதராபாத்தின் பழைய நகர்ப் பகுதியில் ரமலான் இரவுகள் நடப்பதற்கு இனிமையானவை. கடைகள் சஹர் வரை திறந்திருக்கும், தெருவில் குடும்பங்கள் நிறைந்திருக்கும், பெண்கள் நடப்பதற்கு அச்சமில்லை. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்றால், உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடம் என்ற குறைந்த அளவு நிறைவேறிவிடுகிறது. தசை வலுவுக்கான பயிற்சியை வாரம் இரு நாள் பதினைந்து நிமிடம் செய்தோம். இருக்கையிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல் போன்றவை. ஆற்றலைக் கூட்டுவதற்கு உரிய மாதம் இதுவன்று. உள்ளதைக் காத்துக்கொண்டால் போதும்.

தொழுகையே உடற்பயிற்சிதானே என்று சிலர் கேட்பர். இருபது ரக்அத் தராவீஹ் தொழுபவர் ஓர் இரவில் இருபது முறை குனிந்து, நாற்பது முறை நெற்றியை நிலத்தில் வைத்து எழுகிறார். இது சிறிய உழைப்பன்று. நீரிழிவாளர்கள் தராவீஹையும் தங்கள் நாளின் உடலுழைப்பாகக் கணக்கிட்டு நீர் அருந்த வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே கூறுகின்றன. எனினும் இரண்டையும் ஒன்றாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தொழுகையில் நிற்பவர் எரிந்த கலோரியை எண்ணத் தொடங்கினால், அங்கே தொழுகை எஞ்சுவதில்லை. உடற்பயிற்சியும் வணக்கம்தான் என்று சொல்லித் தராவீஹைத் தவிர்த்துக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார்.

இரண்டும் மோதும் இடம் ஒன்று உண்டு. கடைசிப் பத்து இரவுகள். மாட்சிமை மிக்க இரவு அவற்றுள் ஒன்றில் அமைந்திருப்பதாக நம்பி, மக்கள் விடிய விடிய விழித்திருந்து வணங்கும் நாள்கள் அவை. அந்தப் பத்து நாளும் நடையை நிறுத்திவிடுவதே சரி. பத்து நாளில் உடல் ஒன்றும் உருக்குலைந்து விடாது. நண்பகலில் இருபது நிமிடம் கண்ணயர முடிந்தால் அதுவே அப்போது தேவையான பயிற்சி. முதல் இருபது நாளும் ஒழுங்காக உறங்கி நடந்தவருக்குத்தான் அந்தப் பத்து இரவுகளில் நிற்கக் கால் இருக்கும்.

அலுவலகங்களுக்கும் இதில் பங்குண்டு. தெலங்கானா அரசு ரமலான் மாதத்தில் முஸ்லிம் ஊழியர்கள் மாலை நான்கு மணிக்கே புறப்பட அனுமதிக்கிறது. ஆண்டுக் கணக்கு முடியும் வேளையில் வங்கிக் கிளையில் அதை எதிர்பார்ப்பது கடினம். நானே கிளையில் இருந்தவன் என்பதால் அறிவேன். ஆனால் நோன்பாளியின் கடினமான பணியைக் காலை நேரத்துக்கு மாற்றிக் கொடுப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. எங்கள் கிளையின் இளம் மேலாளர் ஒருவர், நோன்பாளி அல்லாதவர், அதைத் தாமாகவே செய்தார். இனி வரும் ஆண்டுகளில் ரமலான் குளிர்காலத்துக்குள் நகர்கிறது. 2030-இல் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் இறுதியில் மறுமுறை என ஒரே ஆண்டில் இரு முறை தொடங்கும். பகல் குறுகும், தாகம் குறையும், மார்ச் நெருக்கடியும் விலகும்.

அடுக்களை மட்டும் பருவத்தோடு மாறாது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சஹர் இப்போது என் பொறுப்பு. முதல் வாரம் உப்புமாவில் உப்பு கூடிப்போய், பகல் முழுவதும் தாகம் வாட்டியதாக மகள் முறையிட்டாள். என் மனைவி குறை ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் நாலரை மணி வரை உறங்கியிருந்தார்.