லாரிக்கும் ஒரு கட்சியா?

என் நாவல் ஒன்றில், தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி நின்றுபோகிறது. நள்ளிரவு, மழை வேறு. லாரிக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்த கிளீனர் பையன், ஜாக்கி சரிந்து ஒரு காலை இழக்கிறான். அதற்குப் பின் வரும் நூற்றைம்பது பக்கங்களும் அந்தப் பையனைப் பற்றியவைதாம். நாவல் வெளிவந்த பிறகு எனக்கு வந்த கடிதங்களில் இரண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். "எங்கள் லேலண்ட் நடுவழியில் நிற்கும் என்று எழுத உமக்கு எப்படி ஐயா மனம் வந்தது?" என்று கேட்கிறது ஒன்று. "டாடா வண்டியை இழிவுபடுத்த எவ்வளவு வாங்கினீர்?" என்று கேட்கிறது மற்றொன்று.

வேடிக்கை என்னவென்றால், அந்த லாரி எந்தக் கம்பெனியுடையது என்று நாவலில் நான் ஓர் இடத்திலும் எழுதவில்லை. இரைச்சல், கரும்புகை, நனைந்த தார்ப்பாய் என்று எழுதியிருந்தேன்; அவ்வளவுதான். இரு அன்பர்களும் தங்கள் தங்கள் தெய்வத்தை அதற்குள் கண்டுபிடித்து, தங்கள் தங்கள் தெய்வத்துக்கு நேர்ந்த அவமானத்துக்காக என்மேல் பாய்ந்திருந்தார்கள். பையனுடைய காலைப் பற்றி இரண்டு கடிதங்களிலும் ஒரு வரி கிடையாது.

சினிமா நடிகர்களுக்குக் கட்சி உண்டு என்பது நமக்குத் தெரியும். காப்பிப் பொடிக்குக்கூடக் குடும்பத்துக்குக் குடும்பம் கட்சி உண்டு. லாரிக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்பதை வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இந்தக் கட்சிக்காரர்களில் அநேகம் பேர் லாரி ஓட்டுகிறவர்கள் அல்லர். லாரி வைத்துப் பிழைப்பவர்களும் அல்லர். ஸ்கூட்டரில் ஆபீசுக்குப் போய்வருகிற கௌரவமான மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, வருகிற லாரியின் சத்தத்தைக் கேட்டே, கண்ணை மூடிக்கொண்டு, இன்ன வருஷத்து இன்ன மாடல் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கட்சிக்குக் காமெட், பீவர், ஹிப்போ என்ற பழைய பெயர்கள் நாமாவளி போல. மற்றக் கட்சி எண்களாலேயே அர்ச்சனை செய்யும். 1210 என்பார்கள், 1613 என்பார்கள். 1613 என்றால் ஏறக்குறைய 16 டன் மொத்த எடை, 130 குதிரைத்திறன் என்று அர்த்தம். இந்த ஞானத்தை நான் கேலி செய்யவில்லை. ஒரு யந்திரத்தை அவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறவனுடைய காதுக்கு என் வணக்கம். அந்தக் காது, யந்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மனிதனின் முனகலை மட்டும் கேட்க மறுக்கிறதே, அதுதான் என் புகார்.

முதலில் இந்தப் பெயர்களின் கற்பைக் கொஞ்சம் பார்ப்போம்.

அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்பதற்காகத் தொடங்கிய கம்பெனி அது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, எண்ணூரில் லாரிகளைத் தயாரித்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. லேலண்ட் என்பது லங்காஷயரில் உள்ள ஓர் ஊரின் பெயர். தாய்க் கம்பெனி அந்த ஊரில் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1968இல் கார்க் கம்பெனிகளோடு இணைந்தது, 1975இல் தேசியமயமாயிற்று, 1987இல் அதன் லாரிப் பகுதி டச்சுக் கம்பெனியான டாஃபுடன் சேர்ந்தது, 1993இல் டாஃப் திவாலாயிற்று. கடைசியில் அமெரிக்காவின் பாக்கார் கம்பெனி இரண்டையும் வாங்கிக்கொண்டது. இன்று லேலண்ட் ஊரிலே செய்கிற லாரியின் நெற்றியில் டாஃப் என்று எழுதியிருக்கிறது! பிறந்த ஊரில் அழிந்த பெயரை எண்ணூர் காப்பாற்றுகிறது.

எதிர்க் கட்சியின் கதையும் இதற்கு இளைத்ததல்ல. ரயில் எஞ்சின் செய்வதற்காக 1945இல் ஏற்பட்ட டெல்கோ, 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும், மூன்று முனை நட்சத்திரம் இறங்கியது. டாடாவின் சின்னம் ஏறியது. அந்த நட்சத்திரத்துக்குச் சொந்தக்காரர்களான டைம்லரே 2012இல் சென்னைக்கு அருகில் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்து, பாரத்பென்ஸ் என்ற பெயரில் டாடாவுக்கும் லேலண்டுக்கும் போட்டியாக லாரி விற்கத் தொடங்கினார்கள்.

இன்னும் ஒன்று. 1987இல் லேலண்டின் பங்குகளை வாங்கிய ஹிந்துஜா குழுமத்துக்குக் கூட்டாளியாக வந்தது இத்தாலியின் இவெகோ கம்பெனி. 2007இல் அந்தக் கூட்டு முடிந்தது. 2025 ஜூலையில், அதே இவெகோவை வாங்கப்போவதாக அறிவித்தது யார் தெரியுமா? டாடா மோட்டார்ஸ்! லேலண்டுக்காக நண்பனோடு பேச்சை நிறுத்திக்கொண்ட அன்பர் இப்போது என்ன செய்வார்? முதலாளிகளுக்குள் விரோதம் இல்லை, வியாபாரம்தான் இருக்கிறது. விரோதம் நமக்கு மட்டும்தான்.

இந்த மோகம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடவும் வேண்டாம். இங்கிலாந்தில் செஷயரின் சாண்ட்பாக் என்ற சிற்றூரில் ஃபோடன் குடும்பம் நீராவி லாரி செய்து பேர் வாங்கியது. "இனி டீசல்தான்" என்றார் எட்வின் ரிச்சர்ட் ஃபோடன். கம்பெனி அவர் வழிக்கு வரவில்லை. அவர் வெளியேறி, தம் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே ஈ.ஆர்.எஃப். என்று ஒரு கம்பெனி ஏற்படுத்தினார். 1933இல் முதல் லாரி வந்தது. ஒரே குடும்பம், இரண்டு பெயர். அவற்றுக்கு இரண்டு பக்தர் கூட்டம். இரண்டு கம்பெனியும் பிறகு அந்நியர் கைக்குப் போயின. ஃபோடன் 2006இலும் ஈ.ஆர்.எஃப். 2007இலும் மறைந்தன. பக்தர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

பெயர் கைமாறுவது பாவமா என்று கேட்கலாம். பாவம் அல்ல. ஆனால் பெயருக்குச் செய்கிற பக்தி எதற்கு உபயோகப்பட்டது என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்கு விடை நாமக்கல்லில் இருக்கிறது.

பல பத்தாண்டுகளாக நம் நாட்டில் இரண்டு கம்பெனிகளுமே பெரும்பாலும் முழு லாரியை விற்கவில்லை. அடிச்சட்டம், எஞ்சின், சக்கரங்கள், முன்னால் ஒரு முகம். இவ்வளவுதான் தொழிற்சாலை வாசலைத் தாண்டி வரும். டிரைவர் உட்காருவதற்கு அறை கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. ஒரு பலகையையோ பெட்டியையோ போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தலையிலே துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு போவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே தச்சர்களும் கொல்லர்களும் மரச் சட்டம் வைத்து, தகடு அடித்து, 'பாடி' கட்டுவார்கள். அந்தத் தொழிலாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெரிய பெரிய என்ஜினீயர்கள் செய்யாமல் விட்ட வேலையை அவர்கள் தம் உளியால் செய்து கொடுத்தார்கள். பூவும் மயிலும் எழுதி அழகும் செய்தார்கள். ஆனால் எதிரே வருகிற வண்டி மோதினால் மரச் சட்டமும் மெல்லிய தகடும் ஒரு மனிதனின் நெஞ்சை எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

ஆஸ்தி வாங்குகிறவன், "வீட்டுக்குக் கூரை எங்கே?" என்று கேட்பான். லாரி வாங்கினவர்கள் கேட்கவில்லை, அவர்கள் உட்காரப்போவதில்லை. கட்சிக்காரர்களும் கேட்கவில்லை. எங்கள் பிரேக் உயர்ந்தது, உங்கள் எஞ்சின் தாழ்ந்தது என்று வாதாடினார்களே ஒழிய, "மனிதன் உட்காரும் இடத்தை ஏன் ஐயா செய்யாமல் விட்டீர்கள்?" என்று தங்கள் கம்பெனியைப் பார்த்து ஒரு தபால் கார்டு போட்டார்களா? போடமாட்டார்கள். வாடிக்கைக்காரன் கேள்வி கேட்பான். பக்தன் பதில் சொல்லக் கிளம்பிவிடுவான். கம்பெனிக்கு இவனைவிடச் சிக்கனமான வக்கீல் எங்கே கிடைப்பான்? சம்பளம்கூடக் கொடுக்க வேண்டாம்!

கடைசியில் சர்க்கார்தான் சட்டம் போட வேண்டியிருந்தது. 2025 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2023இல் அறிவித்தார்கள். காமெட் எண்ணூரில் ஓட ஆரம்பித்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், சித்திரை வெயிலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேர்க்கும் என்று கண்டுபிடிக்க எழுபது வருஷம்!

"அந்தக் காலத்து லாரியின் கம்பீரம் இப்போது உண்டா?" என்று பெருமூச்சு விடுகிறவர்களையும் நான் அறிவேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைப் பாரத்தோடு ஒரு கொண்டை ஊசி வளைவில் திருப்புவதற்குத் தோளில் எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதைத்தான் கம்பீரம் என்கிறார்கள். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு தடவை கிளட்சை மிதித்த கால் அறுபதாவது வயதில் மாடிப்படி ஏறுவதை அவர்கள் பார்த்ததில்லை. பழைய லாரியைத் துடைத்து, வர்ணம் பூசி, பொருட்காட்சியில் நிறுத்தலாம். அதை ஓட்டினவனின் முதுகெலும்பை எந்த வர்ணம் பூசி எங்கே நிறுத்துவது?

இத்தனை சொன்ன பிறகு, "அப்படியானால் டிரைவர்களுக்கு மட்டும் அபிமானம் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அது வேறு ஜாதி. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில், சேலத்துப் பக்கத்து டிரைவர் ஒருவரிடம், "எது அண்ணே நல்ல வண்டி?" என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எறங்கையில முதுகு வலிக்காத வண்டி எதுவோ அதுதானுங்க நல்ல வண்டி," என்றார். பிறகு, ஏற்றத்தில் எது மூச்சு வாங்காது, ராத்திரி இரண்டு மணிக்கு எதற்கு உதிரிபாகம் கிடைக்கும், எதை எந்த மெக்கானிக்கும் தொடுவான் என்று வரிசையாகச் சொன்னார். இரண்டு கம்பெனிக்கும் புகழ்ச்சியும் விழுந்தது, வசவும் விழுந்தது. நாளைக்கு இதைவிட நல்லது ஒன்று வந்தால் மறு பேச்சில்லாமல் அதற்கு மாறிவிடுவார். அவருடையது அறிவு, ஆகையால் அது மாறும். நம்முடையது வெறும் நம்பிக்கை. ஆகையால் மாறவே மாறாது.

பாரம் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்குச் சின்னம் சிறிதாகிறது என்பதையும் கவனியுங்கள். 2018 டிசம்பரில், வந்தவாசிக்கு அருகே கொரக்கோட்டையில் இருந்து பெங்களூருக்கு ஒரு கோதண்டராமர் சிலைக்கான ராட்சசப் பாறையை ஏற்றிக்கொண்டு 240 சக்கர வாகனம் ஒன்று புறப்பட்டது. போய்ச் சேர 2019 ஜூன் ஆயிற்று. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் இருந்து ஒரு ராட்சச யந்திரத்தோடு கிளம்பிய 74 சக்கர வாகனம், திருவனந்தபுரத்து விண்வெளி நிலையத்தை அடைய ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு நாளைக்குச் சில மைல்தான். முன்னால் இழுத்த எஞ்சினின் பெயரா அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது? மின்கம்பியைத் தூக்கிப் பிடித்தவன், பாலத்துக்கு முன்னால் இறங்கி நடந்து பார்த்தவன், டயர் டயராகத் தட்டிப் பார்த்தவன், வீடு வாசலை மறந்து மாதக்கணக்கில் சாலை ஓரத்திலே சமைத்துச் சாப்பிட்டவன், இவர்கள் கொண்டுபோனார்கள். 240 என்ற எண் ஊர் முழுக்கத் தெரியும். இவர்களில் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒருவனுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று சொல்லிற்று. நெடுந்தூரப் பயணத்துக்குக் கொஞ்சம் விலக்கும் கொடுத்தது. அந்தச் சட்டம் எந்த நெடுஞ்சாலையில் ஓடியது என்று எனக்குக் காட்டுங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற விடியற்காலை மூன்று மணிக்கு, நெற்றியில் இருப்பது எந்தச் சின்னமானாலும் தூக்கம் ஒன்றுதான்.

ஆகையால், லாரி அபிமானிகளே, உங்கள் அபிமானத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அதை ஒரு காரியத்துக்கு உபயோகப்படுத்துங்கள் என்கிறேன். எஞ்சின் பற்றி இவ்வளவு தெரிந்த நீங்கள், அறையைப் பற்றியும் கேளுங்கள்: இந்த வண்டி மோதினால் டிரைவர் பிழைப்பானா? படுத்துத் தூங்க இடம் இருக்கிறதா? கிளீனர் பையனுக்கு வயது என்ன? எதிரிக் கட்சியின் கம்பெனியை அல்ல, உங்கள் கம்பெனியைக் கேளுங்கள். பதில் வருகிற வரையில் விடாமல் கேளுங்கள். உங்கள் லாரி மற்ற எல்லா லாரியையும்விட உயர்ந்தது என்று அதற்குப் பிறகு என்னிடம் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.