சோதனைச்சாலைக்குச் செல்போன் காவல்

ஆலங்குடியில் இருந்து ஒரு பிள்ளை ரசாயனம் படிக்க வெளியூர் போனால், வீட்டார் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார்கள். தங்கும் இடத்தைப் பற்றி விசாரிப்பார்கள். சோதனைச்சாலையில் உயிருக்கு என்ன காவல் என்று விசாரிக்கிறார்களா?

2018 டிசம்பர் 5-ந் தேதி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வெடி விபத்து நடந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவர் பலியானார். 3 பேர் படுகாயம் அடைந்தனர்.

பற்றியது தீ!

அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பு, 2008 டிசம்பர் 29-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். 23 வயதுப் பெண் ஒருவர் ஊசிக்குழாயில் ஒரு திரவத்தை எடுத்தார். காற்றுப் பட்டாலே எரியும் திரவம் அது! குழாய் கழன்றது. சட்டையில் தீ பற்றியது. மேலே காப்பு அங்கி இல்லை. 18 நாள் போராடி அந்தப் பெண் இறந்தார்.

அதன் பிறகுதான் கட்டுப்பாடு இறுகியது. இப்போது அங்கே ரசாயனப் புட்டிகளின் கணக்கைச் செல்போன் செயலியிலேயே பார்க்கிறார்கள்.

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு நிலையமும் ஒரு செயலி வெளியிட்டது. 600-க்கு மேற்பட்ட ரசாயனங்கள் அதில் உண்டு. கண்ணில் பட்டால் என்ன செய்வது, எந்த முகமூடி போடுவது என்று அது சொல்லும். காசு கிடையாது.

ஆனால் அமிலம் பட்ட கையுறையோடு செல்போனைத் தொட்டால் வினைதான். மாலையில் அதே போன் வீட்டுக் குழந்தையின் கைக்குப் போகும். ஆகவே, வேலை தொடங்குமுன் படித்துவிட்டுப் போனை வெளியே வைக்க வேண்டும்.

இன்னொரு குறை. அந்தச் செயலி பேசுவது இங்கிலீஷ்! தமிழில் படித்த பிள்ளை, கண் எரியும் நேரத்தில் அகராதியையா புரட்டும்? நம் பல்கலைக்கழகங்கள் அதைத் தமிழில் தரலாமே. பெரிய செலவு ஒன்றும் ஆகாது.