பங்கு என்றால் பங்கு வேண்டாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் வட்டாரம் அது. தொழிற்சாலைகள் எழுந்த பிறகு, பிழைப்பைத் தேடி வந்த வடமாநிலத் தொழிலாளிகளின் பேச்சும் அங்கே சேர்ந்துகொண்டது. இவர்களில் கிறித்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து மண்டியிடலாம், தடையில்லை. மண்டியிடும்போது காட்டும் சமத்துவம், சபையின் காரியங்களை முடிவு செய்யும் மேசையிலும் உண்டா? அதுதான் நம் கேள்வி.

கத்தோலிக்கர் தம் சபை வட்டாரத்தைப் 'பங்கு' என்று அழைக்கிறார்கள். அருமையான பெயர்! ஆனால் அந்தப் பங்கில் மக்களுக்குள்ள பங்கு என்ன? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, பங்குப் பேரவை ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். தென்னிந்தியத் திருச்சபையிலோ தேர்தல் உண்டு, கமிட்டி உண்டு. ஆனால், ஆள்பலமும் சாதிபலமும் உள்ளவர்களே நாற்காலியைப் பிடித்துக்கொண்டால், வாக்குச் சீட்டு பழைய ஆதிக்கத்துக்குப் புதிய முத்திரை ஆகிவிடாதா?

பழைய கதையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 1895-இல் தியோடர் நேதர் என்ற லுத்தரன் பாதிரியார் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கினார். உழைத்தவர்கள் இங்கே, உத்தரவு வந்ததோ கடல் கடந்த அமெரிக்காவிலிருந்து! அந்த நிலையை எதிர்த்து நம் மண்ணின் கிறித்தவர்கள் குரல் கொடுக்கவில்லையா? 1910-இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளை மிஷனரிகளின் தியாகத்தைப் பாராட்டிய வேதநாயகம் சாமுவேல் அசரியா, எங்களுக்கு வேண்டியவர்கள் நண்பர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1912-இல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் கேட்டது கருணையல்ல, சரிசமமான இடம்!

அன்று வெள்ளையரிடம் கேட்ட நியாயத்தை இன்று வீட்டுக்குள்ளே மறுக்கலாமா? 1947-இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, தன் முதல் பெண் பேராயரான புஷ்பலலிதாவைக் காண 2013 வரை காத்திருந்தது. தலித் கிறித்தவர் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022-இல்தான். 2008-இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டபோது கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இருக்கும் பங்கில் இடமிருந்தால் தனிப் பங்கை எவரேனும் கேட்பாரா?

'ஆளுக்கொரு கை வைத்தால் சபை சிதறிவிடுமே' என்று அஞ்சுகிறார்கள் சிலர். அவர்களுடைய வேதமே அதற்கு விடை தருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வந்தது, முணுமுணுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் வாயை மூடு என்று அதட்டவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும்படி சபையாரிடமே விட்டார்கள். அந்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்! குறைப்பட்ட மொழிக்காரர்கள் கையிலேயே பந்திப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. சபை சிதறவில்லை, பெருகியது.

குருபரப்பள்ளி வட்டாரத்துச் சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன வேண்டும்? பெண்ணுக்கும், தலித்துக்கும், வேறு மொழி பேசும் தொழிலாளிக்கும் கமிட்டியில் இடம் கொடுங்கள். வரவு செலவை எல்லாருக்கும் விளங்கும் மொழியில் சபை நடுவே படியுங்கள். ஒருவரே ஆண்டாண்டாக ஒரே பதவியில் ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஒழியுங்கள்.

காணிக்கைத் தட்டு எல்லார் முன்பும் வருகிறது. கணக்குப் புத்தகமும் எல்லார் முன்பும் வரட்டும்!