ரதத்துக்குப் பூஜை போட்டா மட்டும் போதாது, ட்ரெய்லருக்கு கிராண்டும் வேணும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க, வாங்கிக்கிறோம்.

போன வாரத்துல இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுத்துது. நம்ம ஆலய ரதத்தைத் தூக்கி வைக்க வெளிநாட்டுல இருந்து பழைய ஹெவி டூட்டி ட்ரெய்லர் ஒண்ணு கப்பல்ல வரப்போகுதாம். பங்கு 101 வெள்ளி, உபயம் எழுதுறவங்க பேரு ட்ரெய்லர் பக்கவாட்டுல பொறிக்கப்படுமாம். அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு சாமி அதுலதான் ஊர்வலமாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தொண்டர் படையில கயிறு பிடிச்சி, போக்குவரத்தைப் பார்த்து, ராத்திரி 3 மணிக்கு ரதத்தைத் திரும்ப ஷெட்டுல விடுற நாங்க இதை எதிர்க்கிறோம். ஏன்னு சொல்லிட்டுத்தான் எதிர்க்கிறோம்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறோம். நாங்க ரதத்துக்கு எதிரி இல்ல. கப்பல்ல ரதம் வர்றதும் புதுசு இல்ல. பினாங்கு நகரத்தார் வெள்ளி ரதம் 1894ல் காரைக்குடியில இருந்து கடல் தாண்டி வந்தது. 2017 தைப்பூசத்துல தண்ணீர்மலைக்கு முதல் தடவையா போன தங்க ரதமும் தமிழ்நாட்டுல செஞ்சதுதான், 43 லட்சம் வெள்ளி. ஆனா அந்த வெள்ளி ரதத்தை மாடு இழுத்தது, தங்க ரதத்தை பக்தர்கள் கையால வடம் பிடிச்சி இழுத்தாங்க. இப்போ நம்ம ஆளுங்க கேட்கிறது ரதம் இல்ல. லோரிக்குப் பின்னால மாட்டுற ட்ரெய்லர். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாமத்தான் இவ்வளவு பேச்சும்.

நம்ம நாட்டுல 1987ஆம் வருஷத்து சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கு. அதுல ட்ரெய்லர்னா என்ன? மோட்டார் வண்டி ஒண்ணு இழுத்துட்டுப் போற வண்டி. அவ்வளவுதான். மேல முருகன் இருக்காரா, மணல் இருக்கான்னு சட்டம் பார்க்காது. கொக்கியில மாட்டின நிமிஷமே அது ட்ரெய்லர். அதுக்குத் தனியா ஜே.பி.ஜே பதிவு வேணும், ‘டி’ எழுத்துல ஆரம்பிக்கிற சொந்த நம்பர் வேணும், கிராண்ட் வேணும். இழுக்கிற லோரிக்கு எல்லாம் சரியா இருந்தா போதும்னு நினைக்கிறது தப்பு. லோரி வேற, ட்ரெய்லர் வேற. ரெண்டுக்கும் ரெண்டு நம்பர், ரெண்டு சோதனை.

“அந்தக் காலத்துல தோட்டத்துல டிராக்டர்ல சாமி போகலையா, எவன் கிராண்ட் கேட்டான்?”னு பெரியவங்க கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான் ஐயா. போச்சு. பீடோங் பக்கம், சுங்கை லாலாங் பக்கம், கூலிம், லூனாஸ், பாடாங் செராய்னு கெடாவுல நம்ம கோயில் எல்லாம் தோட்டத்துக்குள்ள இருந்தப்போ சாமி மாட்டு வண்டியில போச்சு, அப்புறம் பால் தொட்டி இழுத்த அதே டிராக்டர்ல போச்சு. லயத்தைச் சுத்தி, ஸ்டோரைச் சுத்தி, துரை பங்களா வாசல் வரைக்கும். அது தோட்டத்து மண் ரோடு. அந்த ரோட்டுல வேற வண்டியே வராது. இன்னிக்குத் தோட்டம் எங்க இருக்கு? ரப்பர் போயி செம்பனை வந்தது, செம்பனையும் போயி தாமான் வந்தது. சாமி இருந்த இடத்துலயே இருக்கு, ரோடுதான் மாறிடுச்சு. இப்போ நம்ம ஊர்வலம் போறது கூட்டரசு சாலையில. மோட்டார் சைக்கிள்ல நைட் ஷிப்ட் முடிச்சி வர்ற பிள்ளைங்க, காய்கறி லோரி, எக்ஸ்பிரஸ் பஸ் எல்லாம் அதே ரோட்டுலதான். தோட்டத்து வழக்கத்தை பெரிய ரோட்டுக்குக் கொண்டு வர முடியாதுங்க.

அடுத்தது, “வெளிநாட்டுல சீப்பா கிடைக்குது”. எங்க படையில பலபேர் ஃபேக்டரி ஆளுங்க. மெஷின் கப்பல்ல வந்து இறங்குறதைப் பார்த்தவங்க. சீப்புங்கிறது அங்க சொல்ற விலை. பட்டர்வொர்த் துறைமுகத்துல இறங்குற விலை வேற, ரோட்டுல ஓட்டுற விலை வேற.

கணக்கைப் பாருங்க. 40 அடி கண்டெய்னருக்கு உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர். பெரிய ட்ரெய்லர் 2.5 மீட்டர் அகலம். முழுசா உள்ள நுழையாது. திறந்த தட்டுல கட்டி ஏத்தணும், இல்ல வண்டி ஏத்துற கப்பல்ல வரணும், இல்ல அறுத்துத் துண்டாக்கி அனுப்பணும். முதல் ரெண்டுக்கும் கப்பல் கூலி ஏறும். மூணாவதுதான் மோசம். அறுத்த சேசிஸை இங்க ஒட்ட வச்சி வெல்டிங் அடிச்சா, அது கம்பெனி செஞ்ச சேசிஸ் இல்ல. அந்த வெல்டிங்குக்கு யார் கையெழுத்து போடுவா?

இறங்கினதும் காஸ்தாம். உலகம் முழுக்க சுங்கத்துல ட்ரெய்லருக்கு 87.16னு ஒரு தலைப்பு. இன்ஜின் இல்லாத மத்த வண்டிகளும் அதே தலைப்புலதான் வரும். “இது ட்ரெய்லர் இல்லீங்க, கோயில் சாமான்”னு சொல்லித் தப்பிக்க முடியாது. வரி எவ்வளவு, இறக்குமதி அனுமதி வேணுமா, பழசுக்கு என்ன நிபந்தனை, இதெல்லாம் காஸ்தாம்லயும் மித்தியிலயும் எழுத்துல வாங்க வேண்டியது கப்பலுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னால. சாமான் துறைமுகத்துல நின்ன பிறகு கேட்டா, ஒவ்வொரு நாளும் ஸ்டோர் வாடகை ஏறும். சாமி பேர்ல வந்த 101 வெள்ளி எல்லாம் துறைமுகத்துக்கு வாடகையாப் போகும்.

அப்புறம் பொருத்தம். ட்ரெய்லரை லோரித் தலையில மாட்டுற கிங்பின் 2 அங்குலத்துலயும் இருக்கு, 3.5 அங்குலத்துலயும் இருக்கு. நம்ம லோரியில இருக்கிற தட்டு எது? அமெரிக்க வண்டி லைட் 12 வோல்ட், நம்ம பெரிய லோரி 24 வோல்ட். அங்க 2.6 மீட்டர் அகலம் வரைக்கும் ஓடலாம், இங்க 2.5தான். பிரேக் காற்றுக் குழாய் முனை சேருமா? எக்சலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் சுங்கைப் பட்டாணியில கிடைக்குமா, இல்ல ஒவ்வொரு பேரிங்குக்கும் கப்பலுக்குக் காத்திருக்கணுமா? வாட்ஸ்அப் செய்தியில இதுல ஒண்ணுக்காவது பதில் இருக்கா? ட்ரெய்லர் படம் இருக்கு, பேங்க் கணக்கு நம்பர் இருக்கு. வரைபடம் இல்ல, எடை இல்ல, எத்தனை டன் தாங்கும்னு இல்ல.

இத்தனையும் தாண்டினா ஜே.பி.ஜே. வண்டியோட தொழில்நுட்ப விவரம் ஒத்துக்கப்படணும், புஸ்பாகோம் மாதிரி சோதனை மையத்துல ஏத்தி பிரேக், லைட், சேசிஸ் பார்க்கணும், பதிவு ஆகணும், காப்புறுதி எடுக்கணும். அதோட முடியல. சரக்கு வண்டிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சோதனை. 2010ஆம் வருஷத்து தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி சரக்கு வண்டிக்கு லைசென்ஸும் உண்டு: வாடகைக்கு ஓடினா ‘ஏ’, சொந்தச் சாமானுக்கு ‘சி’. வருஷத்துல ஒரு ராத்திரி ஓடுற வண்டிக்கு வருஷம் முழுக்கச் செலவு. மீதி 364 நாளும் அது ஆலயத்துக்குப் பின்னால மழையில நின்னு துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச பிரேக்கோட அடுத்த வருஷம் சாமியை ஏத்துவோம்.

“வருஷத்துல ஒரு நாள்தானே?” அந்த ஒரு நாள்தான் ரோட்டுல ஆயிரம் பேர் செருப்பில்லாம நிக்கிறாங்க. மத்த நாள் பிரேக் போனா வண்டி சாக்கடையில விழும். அன்னிக்குப் போனா எங்க விழும்?

“போலீஸ் அனுமதி எடுத்தாச்சு.” போலீஸ் அனுமதி ஊர்வலத்துக்கு. வண்டிக்கு இல்ல.

“டத்தோ பார்த்துக்குவார்.” டத்தோ நல்லவர், உதவி செய்றவர். ஆனா வண்டி உருண்டா பிரேக் பிடிக்க அவரால முடியாது. ஒண்ணு ஆச்சுன்னா, பதிவு இல்லாத வண்டிக்குக் காப்புறுதி கிடையாது. அடிபட்டவங்க குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது? வழக்கு வந்தா சங்கத்துப் பதவியில இருக்கிறவங்க பேரைத் தேடித்தான் வரும். இன்னிக்கு ‘லைக்’ போடுற யாரும் அன்னிக்கு கோர்ட்டுக்கு வர மாட்டாங்க.

“சாமி காரியம், சாமி பார்த்துக்கும்.” இதுக்குத்தான் எங்களுக்கு மனசு வலிக்குது. 2022 ஏப்ரல் 27, தஞ்சாவூர் களிமேடு. அப்பர் சதய விழா. விடியக்காலையில சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில பட்டு 11 பேர் போய்ட்டாங்க, குழந்தைகளும் அதுல உண்டு. அவங்க பக்தியில நம்மள விடக் குறைச்சலா? சாமி கைவிட்டுடுச்சுன்னா சொல்வோம்? உயரத்தை அளக்க வேண்டியது மனுஷன் வேலை. இப்போ நம்ம ரதத்தையே எடுத்துக்குங்க. ட்ரெய்லர் மேல வச்சா ட்ரெய்லர் உயரமும் சேருது. கலசம், பூ அலங்காரம், லைட் வளைவு. அளந்தீங்களா? வழியில எத்தனை கம்பி குறுக்க போகுது, எது எவ்வளவு தாழ்வு? யாராவது ஒரு தடவை கோல் பிடிச்சி நடந்தீங்களா?

இன்னொண்ணு நம்ம நாட்டுலயே. 2025 மே 13, தெலுக் இந்தான். கல் ஏத்தின லோரி மோதி கலகத் தடுப்புப் போலீஸ்காரங்க 9 பேர் இறந்தாங்க. அவங்க எங்க இருந்து திரும்பினாங்கன்னு ஞாபகம் இருக்கா? தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு கொடுத்துட்டு. நம்ம சாமிக்குக் காவல் நின்னவங்க வீடு போய்ச் சேரல. விசாரணையில என்ன வந்தது? லோரியில ஸ்டீரிங் கோளாறு, அளவுக்கு மீறின சுமை. ஒரு கனரக வண்டியைச் சரியா பார்க்காம ரோட்டுல விட்டா என்ன ஆகும்னு நாடே அழுதுச்சு. நம்மளும் மெழுகுவர்த்தி ஏத்தினோம், மோட்ச தீபம் போட்டோம். அதே சித்ரா பௌர்ணமிக்கு இப்போ நம்மளே சோதனை இல்லாத கனரக வண்டியை ரோட்டுல இறக்கப் போறோமா? வெட்கமா இல்லையா?

சுமையைப் பத்தியும் சொல்லணும். ஃபேக்டரியில கிரேன்ல எத்தனை டன்னுன்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கும். அதைத் தாண்டி ஒரு கிலோ தூக்க விட மாட்டோம். ரதத்துல? குருக்கள், உதவிக்கு நாலு பேர், நாதஸ்வரம், தவில், ஜெனரேட்டர், தேங்காய் மூட்டை, அர்ச்சனைத் தட்டு, அதோட “பிள்ளையை கொஞ்சம் மேல ஏத்துங்கண்ணே”னு கொடுக்கிற குழந்தைங்க. 20 பேர் ஏறினா ஆளுக்கு 70 கிலோன்னு வச்சாலே 1,400 கிலோ. அது கீழ இல்ல, ஆள் உயரத்துக்கு மேல. திருப்பத்துல ஒரு பக்கம் சாஞ்சா அந்த எடை எல்லாம் ஒரே பக்கம். திருவாரூர் ஆழித்தேர் எவ்வளவு பெருசு! அதுக்கே திருச்சி பெல் கம்பெனி ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கு, கூடவே முட்டுக்கட்டை போடுறவங்க சக்கரத்துக்குப் பக்கத்துலயே நடக்கிறாங்க. பெரிய கோயிலே பிரேக்கை நம்புது. நம்ம மட்டும் ‘அரோகரா’வை நம்பி ஓட்டலாமா?

கடைசியா பணம். 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்போ, தோட்டம் துண்டாடப்பட்டு வீடு போற நிலைமையில இருந்த நம்ம பாட்டன் பாட்டிங்க பால் வெட்டின காசுல பத்துப் பத்து வெள்ளியா கட்டினாங்க. அந்தக் காசுல சங்கம் முதல்ல வாங்கின தோட்டம் நம்ம கெடாவுல இருக்கிற புக்கிட் சீடிம். படிக்காத ஜனங்க, ஆனா ரசீது இல்லாம ஒரு வெள்ளி கொடுக்கல, கணக்கு கேட்காம விடல. அவங்க பேரப் பிள்ளைங்க நாம, ஒரு போட்டோவைப் பார்த்துட்டு 101 வெள்ளி அனுப்புறோம்.

நாங்க கேட்கிறது இதுதான்.

பொதுக்கூட்டம் கூடுற வரைக்கும் ட்ரெய்லர் வசூலை நிறுத்துங்க. இதுவரைக்கும் வந்த பணம் எவ்வளவுன்னு ஆலய போர்டுல ஒட்டுங்க.

விற்கிறவர்கிட்ட முன்பணம் ஒரு சென் கூட கொடுக்காதீங்க. முதல்ல வரைபடம், எடை, தயாரிச்ச வருஷம் கேளுங்க. அதைக் கொண்டுபோய் ஜே.பி.ஜேயில “இதைப் பதிவு பண்ண முடியுமா?”னு எழுதிக் கேளுங்க. பதில் எழுத்துல வரட்டும்.

அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு, பதிவும் சோதனையும் காப்புறுதியும் உள்ள உள்ளூர் லோ-லோடரை டிரைவரோட ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுங்க. சுவாமியும் குருக்களும் போறதுக்கு என்ன அனுமதி வேணுமோ அதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்க. மத்த எல்லாரும் கீழ நடக்கட்டும். குழந்தைகளை மேல ஏத்தக் கூடாது, யார் பிள்ளையா இருந்தாலும்.

ஊர்வலத்துக்கு ஒரு வாரம் முன்ன வழி முழுக்க உயரத்தை அளப்போம். தாழ்வான கம்பி இருந்தா தெனாகாவுக்கு மனு கொடுப்போம். இந்த வேலையைத் தொண்டர் படை ஏத்துக்கும், யாரும் சம்பளம் கேட்கல.

இன்னும் நல்லா வேணும்னா, வழியைக் குறைச்சி, சின்ன ரதமா, வடம் பிடிச்சி நம்ம கையாலயே இழுப்போம். இழுக்க ஆள் இல்லைன்னு சொல்லாதீங்க. வாட்ஸ்அப் குரூப்ல எத்தனை பேர் இருக்கோம்னு எண்ணிப் பாருங்க. பாதிப் பேர் வந்தா போதும்.

நாங்க சொல்றது தப்புன்னு நினைக்கிறவங்க பொதுக்கூட்டத்துக்கு வாங்க, கிராண்ட் எங்கன்னு காட்டுங்க. காட்டிட்டா முதல் 101 வெள்ளி எங்களுது. காட்ட முடியலைன்னா, அந்த ட்ரெய்லர் பக்கத்துல தொண்டர் படை கயிறு பிடிக்க வராது. இதை இப்பவே சொல்லிடுறோம், அன்னிக்கு வந்து முகத்தைத் தூக்கிக்கக் கூடாது.

ஆலய பக்தர்கள் எல்லாருக்கும் பகிருங்க. குறிப்பா ஏற்கனவே பணம் அனுப்பினவங்களுக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.