வேலியே பயிரை மேய்ந்த கதை (ஒரு ஆப்-ஆம்ப் புலம்பல்)

டேட்டாஷீட்டில் "டிஃபரன்ஷியல் இன்புட் வோல்டேஜ்"னு ஒரு வரி இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் படிச்சிருப்போம்? நானும் படிச்சதில்லை, பட்டுத் தெரிஞ்சுக்கிற வரைக்கும்.

நாலு பென்டார்ச் செல் போட்ட 6 வோல்ட் பேட்டரி. அது 5 வோல்ட்டுக்கு இறங்கினா பஸ்ஸர் அடிக்கணும், அவ்வளவுதான் தேவை. 7805 தரும் 5 வோல்ட்டை ஆப்-ஆம்பின் ஒரு இன்புட்டுக்கும், பேட்டரியை இன்னொன்றுக்கும் நேரா கொடுத்து கம்பாரேட்டர் ஆக்கினேன். போடறதுதான் போடறோம், நல்ல ஐசியா இருக்கட்டுமேன்னு என்இ5532. நாலே நாளில் புது செல் எல்லாம் காலி. காவலுக்கு வைத்த சர்க்யூட்டே பேட்டரியைக் குடிச்சிருக்கு!

காரணம் இதுதான். இந்த ஐசியில் இரண்டு இன்புட்டுக்கும் நடுவே, உள்ளேயே, எதிரெதிராக இரண்டு டையோடு உண்டு. இன்புட் டிரான்சிஸ்டர்களின் பேஸ்-எமிட்டர் சந்திப்பு தலைகீழ் வோல்டேஜை அதிகம் தாங்காது. அதைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. இரண்டு இன்புட்டுக்கும் வித்தியாசம் சுமார் 0.6 வோல்ட்டைத் தாண்டினால் டையோடு கடத்த ஆரம்பிச்சிடும். புது செல்களோ மொத்தம் 6 வோல்ட்டுக்கு மேலேயே இருந்தன. அந்த கரண்ட் ஐசி வழியாகப் போய், 5 வோல்ட் லைனில் நான் வைத்திருந்த எல்இடியை எரிய வைத்துக்கொண்டிருந்தது.

741-க்கு இந்த எல்லை 30 வோல்ட், விலை மலிவான எல்எம்358-க்கு 32. அதை மாட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. 5532-தான் வேணும்னா ஒவ்வொரு இன்புட்டிலும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டாலே போதும்.

காலேஜில் "இரண்டு இன்புட்டும் ஒரே வோல்டேஜில் இருக்கும்"னு மனப்பாடம் செய்தோம். அது நெகட்டிவ் ஃபீட்பேக் இருந்தால்தான். கம்பாரேட்டரில் அது கிடையாது. வித்தியாசம் எவ்வளவு வேணும்னாலும் வரும். சூத்திரத்துக்கு மார்க் போட்டவர்கள் டேட்டாஷீட் படிக்கவும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. 32 வோல்ட் என்பது இரண்டு இன்புட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கான எல்லை. தனித்தனி இன்புட்டுக்கு வேறு வரி இருக்கு, அதையும் பாருங்க. இரண்டுமே தாண்டக்கூடாத எல்லைதான், ஓட்ட வேண்டிய அளவு இல்லை.

விலை கூடினது எல்லா வேலைக்கும் நல்லதுன்னு நினைச்சது என் தப்பு. ஐசி பாவம், முதல்லயே எழுதித்தான் கொடுத்திருந்தது.